கரைக்கும் ஒரு கனம் உண்டு

சட்டைக்கு உருவம் கொடுப்பவை கத்தரியும் தையலும். தோளில் போடும் அங்கவஸ்திரத்துக்கோ, கழுத்தில் சுற்றும் ஸ்கார்ஃபுக்கோ அந்த உதவி கிடையாது. எங்கே மடியும், எங்கே விறைத்து நிற்கும் என்பதைத் துணியின் எடையும் குணமுமே முடிவு செய்கின்றன. ஆடை வடிவமைப்பு கணினித் திரைக்கு நகர்ந்துவரும் இந்நாளில், திருச்சி உறையூர்க் கைத்தறிக்கு இது தலைபோகிற விஷயம். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், மெல்லிய துணிக்குப் பேர்போன இடமாகச் சொல்லும் ‘அர்கரு’ உறையூர்தான் என்பது ஆய்வாளர் கருத்து. அங்கு நடந்த அகழாய்வில் சாயத்தொட்டியும் கிடைத்தது. அத்தகைய ஊரின் துணி, திரையில் ‘காட்டன்’ என்ற பொதுப்பெயருக்குள் அடங்கி, ஏதோ ஒரு மில் துணிபோலச் சரிந்து விழுவது வாங்குபவரையும் ஏமாற்றும், நெய்தவரையும் ஏமாற்றும். நம் கைத்தறி ரகங்களை அளந்து, அந்த அளவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும்.

க்ளோ, மார்வெலஸ் டிசைனர் போன்ற மென்பொருள்களில் ஸ்கார்ஃப் செய்வது பார்வைக்கு எளிது. ஒரு நீள்சதுரம் வரைந்து, மனித உருவத்தின் கழுத்தருகே நிறுத்தி இயக்கினால், துணி இறங்கித் தோளில் படிகிறது. உள்ளே அது ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆன வலை. எடை எவ்வளவு, எவ்வளவு நீளும், எவ்வளவு வளையும் என்ற எண்களைக் கொண்டே ஒவ்வொரு மடிப்பும் கணக்கிடப்படுகிறது. முக்கோணங்களைச் சிறிதாக்கினால் மடிப்பு நுணுக்கமாகும். கணினிக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எண்களே தவறென்றால் எந்த நுணுக்கமும் கைகொடுக்காது. ஜரிகைக் கரையைப் பாருங்கள். கரையின் படத்தைத் துணிமேல் ஒட்டினால் நிறம் வந்துவிடும், கனம் வராது. அங்கவஸ்திரத்தின் ஓரத்தைக் கீழே இழுத்து, விசிறி மடிப்பைக் கலையாமல் நிறுத்துவது அந்தக் கனம்தான். கரையைத் தனிப் பட்டையாகப் பிரித்து, அதற்கென எடையும் விறைப்பும் கொடுத்தால்தான் திரையில் விழுவது அங்கவஸ்திரம்.

இந்த எண்களை எடுப்பது பெருஞ்செலவில்லை. 1930-இல் பியர்ஸ் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் வகுத்த முறைக்கு ஒரு மேடையும் அளவுகோலும் போதும். துணிப் பட்டையை மேடை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ள வேண்டும். அதன் நுனி 41.5 பாகை தாழும்போது வெளியே நீண்டிருக்கும் நீளத்தில் பாதிதான் வளைவு அளவு. ஆனால் நம் துணிக்கு ஒருமுறை அளந்தால் போதாது. பாவுக்குக் கஞ்சி போட்டு நெய்த புதுத் துணி விறைத்து நிற்கும். நாலு முறை துவைத்தபின் அதே துணி வேறு துணி. இரண்டு நிலைக்கும் எண் வேண்டும். 1956-இல் தொடங்கிய ஜவுளி ஆய்வு நிறுவனமான கோவை சிட்ராவும், 1960 முதல் இயங்கும் சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் இதைச் செய்யக்கூடியவை. கணக்கு வேலைக்குத் துவாக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. செலவை கோ-ஆப்டெக்ஸ் ஏற்பதே நியாயம்.

துணி சாத்துவது கைப்பழக்கம், எண்ணில் அடங்காது என்பார்கள். கைசிக ஏகாதசியன்று நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாத்தும் ஸ்ரீரங்கத்துக்கு அருகிலிருந்து இந்தப் பேச்சு எழுவது இயல்பே. அதில் உண்மையும் உண்டு. அந்தக் கைகளுக்கு மென்பொருள் எதையும் கற்றுத்தரப் போவதில்லை. ஆனால் தொலைவில் திரையை மட்டும் பார்த்து வாங்குபவருக்குத் தொட்டுப் பார்க்க வழியில்லை, எண் அவருக்காக. இன்னொரு அச்சம் கனமானது: அளவுகளை வெளியிட்டால் விசைத்தறி நகலெடுக்காதா? துண்டு, அங்கவஸ்திரம், மஃப்ளர் எல்லாம் 1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. அதையும் மீறி நகல் எடுப்பவருக்கு ஒரு புகைப்படமே போதும். வளைவு அளவைத் தெரிந்துகொள்வதால் யாரும் அந்த நெசவை நெய்துவிட முடியாது. மாறாக, போலியை உறையூர்த் துணி என்று விற்பவரிடம் பியர்ஸின் மேடையில் அதை வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். இன்று அப்படிக் கேட்க நம் கையில் எண் இல்லை.