கடலுக்கு அப்பால் ஒரு மேசை

குறிகட்டுவான் துறையிலே படகுக்குக் காத்திருந்தபோது, பொலித்தீன் உறையிலிட்ட மடிக்கணினியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டிருந்த நெடுந்தீவு இளைஞர் ஒருவரைக் கண்டோம். கொழும்புக் கடையொன்றின் கணக்கை ஊரிலிருந்தே எழுதுகின்றாராம். "இது கடலுக்கை விழுந்தால் கடையே விழுந்த மாதிரி, ஐயா" என்றார்.

தீவக வணிகர்க்கு இக்கவலை புதிதன்று. வீடு புங்குடுதீவிலோ ஊர்காவற்றுறையிலோ இருக்கும். கடையோ கொழும்பில் இருக்கும். திருவிழாவுக்கு வந்த முதலாளியின் உடல் கோயில் வீதியிலும், உள்ளம் கடைக் கணக்கேட்டிலும் நின்ற காலத்தை நம் முதியோர் அறிவர்.

இதற்கு இன்று ஒரு வழி உண்டு. அதனை மெய்நிகர் மேசை என்பர். ஏடுகளும் கணக்கும் செயலிகளும் தொலைவிலுள்ள பெருங்கணினியொன்றில் இருக்கும். இங்கே நாம் ஓர் எழுத்தைத் தட்டினால், அத்தட்டல் அங்கே செல்லும். வேலை அங்கே நடைபெறும். திரையின் தோற்றம் மட்டும் நம்மிடம் திரும்பி வரும். நம் கையிலிருப்பது வெறும் சாளரமே. உப்புக்காற்றிலே அது துருப்பிடித்தாலும், கடலில் வீழ்ந்தாலும், வேறொரு கணினி வழியாக அதே மேசையை அடையலாம்.

எண்ணம் பழையது. ஒரு பெரும் பொறியைப் பல பொறிகளாகத் தோன்றச் செய்யும் உபாயத்தை ஐ.பி.எம். நிறுவனம் 1972இலேயே வி.எம்./370 என்னும் பெயரில் அறிமுகஞ் செய்தது. அமேசான் 2013இலும் மைக்ரோசொஃப்ட் 2021இலும் இத்தகைய மேசைகளை வாடகைக்கு விடுவதாக அறிவித்தன. பழைய சரக்கு, புதிய கடதாசி!

வாடகை என்றதும் நாம் சற்றே நிதானிக்க வேண்டும். இத்தகைய சேவைகளுக்குப் பெரும்பாலும் டொலரிலேயே கட்டணம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை மறந்தவர் யார்? மாதந்தோறும் கட்ட இயலாத வணிகரின் கணக்கேடு பிறர் பூட்டுக்குள் அகப்பட்டுவிடும்.

இணைப்பு அறுந்தால் சாளரமும் இருண்டுவிடும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நாட்டின் பெருமின்வலையோடு இணையாது டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்தவை. இந்திய நன்கொடையுடன் சூரிய ஒளியாலும் காற்றாலும் இம்மூன்று தீவுகளுக்கும் மின்னூட்ட ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சிலேதான். பெருங்கணினி இருக்கும் இடமும் முக்கியம். மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் பெரிதாகத் தெரியாத தாமதம், அமெரிக்காவிலிருந்தால் ஒவ்வொரு எழுத்தும் திக்கித் திக்கி வருவதுபோல் தோன்றச் செய்யும்.

பல கிளைகளில் பலர் ஒரே கணக்கைப் பார்க்கும் நிறுவனத்துக்கு இம்மேசை தகும். ஒற்றைக் கடைக்கு இவ்வளவு வேண்டியதில்லை என்பது நம் கருத்து. கொழும்புக் கடையிலுள்ள கணினியையே ஊரிலிருந்து திறந்து எழுதலாம். ஆனால் கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பும் இருத்தல் வேண்டும். திருடர்கள் விரும்பித் தட்டும் கதவு அது. நாள்தோறும் ஒரு படி வேறிடத்திலும் இருக்கட்டும்.

"தம்பி, கணக்குக்கு வேறு படி வைத்திருக்கிறீரா?" என்று கேட்டோம். அவர் பதிலுரைக்கவில்லை. படகு வந்து கயிறு கட்டும்வரை, கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துச் சமிக்ஞை தேடிக்கொண்டிருந்தார்.