பிக்கெரிங் உலைகளுக்கு ஆயுள் நீட்டிப்பு: கேபிள்களின் வயதை யார் அளப்பது?

பிக்கெரிங் அணுமின் நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீற்றருக்குள் வாழும் நமது மக்களின் வீடுகளுக்கு 2015இல் அயோடின் மாத்திரைகள் வந்து சேர்ந்தன. அந்நிலையத்தில் 1980களில் இயங்கத் தொடங்கிய 5 முதல் 8 வரையான உலைகளைப் புதுப்பிக்க ஆதரவளிப்பதாக 2024 ஜனவரியில் ஒன்ராறியோ அரசு அறிவித்தது. அன்றிலிருந்து செலவு, வேலைவாய்ப்பு, மின்கட்டணம் பற்றி நிறையப் பேசுகிறோம். கேபிள்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஓர் அணுமின் நிலையத்துக்குள் பல நூறு கிலோமீற்றர் நீளமான கேபிள்கள் ஓடுகின்றன. அவற்றின் உறைகள் பிவிசி, பொலித்தீன், செயற்கை றப்பர் போன்ற பொலிமர்களால் ஆனவை. வெப்பம், கதிர்வீச்சு, ஒட்சிசன் மூன்றும் சேர்ந்து அவற்றின் நெகிழ்ச்சியை மெல்ல மெல்லக் குறைக்கின்றன. கடைசியில் உறை விறைத்து வெடிக்கிறது.

சிக்கல் என்னவென்றால், விறைத்த கேபிளும் சாதாரண நாட்களில் ஒழுங்காகவே வேலை செய்யும். குழாய் உடைந்து சூடான நீராவி பரவும் விபத்து நாளில்தான் வெடிப்புகளுக்குள் ஈரம் புகும். உலையின் நிலையை இயக்குநர்கள் அறிய வேண்டிய அதே நேரத்தில் கருவிகள் பொய் சொல்லத் தொடங்கலாம். எனவே "இதுவரை பழுதில்லை" என்பது போதுமான பதிலாகாது.

ஆய்வுகூடத்தில் அதிக வெப்பத்தையும் கதிர்வீச்சையும் சில மாதங்கள் கொடுத்துப் பல ஆண்டு முதுமையைக் கணிப்பது வழக்கம். இதில் ஒரு குறை உண்டு. அவசரச் சோதனையில் ஒட்சிசன் உறையின் மேற்பரப்பிலேயே செலவாகிவிடும், உட்பகுதி தப்பிவிடும். பல பொலிமர்களில், ஒரே அளவு கதிர்வீச்சு நீண்டகாலம் மெதுவாகப் படும்போதே சேதம் கூடுகிறது. ஆகவே கணிப்பை நிலையத்தின் உண்மையான கேபிளோடு ஒப்பிட வேண்டும். அறுபடும் வரை எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பது நம்பகமான அளவீடு; ஆனால் அதற்குக் கேபிளை வெட்ட வேண்டும். அதனால் உறையை ஊசிமுனையால் அழுத்தி அதன் விறைப்பை அளக்கும் கருவிகளும், அதே சூழலில் வைத்து முதுமையடைய விடும் மாதிரித் துண்டுகளும் பயன்படுகின்றன.

முதுமையை நிர்வகிக்கும் திட்டம் இருக்க வேண்டும் என்று கனடிய அணுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கெனவே விதித்துள்ளது. அதன் பகிரங்க அமர்வுகளுக்கு எவரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். அங்கே நாம் கேட்க வேண்டியவை மூன்று: வெப்பம் மிகுந்த இடங்களில் எத்தனை கேபிள்கள் நேரடியாக அளக்கப்பட்டன? முடிவு என்ன? மாற்ற வேண்டியவற்றுக்கான பணம் புதுப்பிப்புச் செலவில் சேர்க்கப்பட்டுள்ளதா? அணுமின்சாரத்தை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் இவற்றுக்கான பதில் ஒரேயளவு தேவை.