நாகவொட்சைட்டும் நந்தமிழும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதும் கட்டுரை இலக்கியம் பற்றியதாகவே இருக்கும் என அன்பர்கள் எதிர்பார்ப்பர். யாம் இம்முறை நாகவொட்சைட்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதன் காரணத்தைக் கூறுவோம்.

பௌதிகவியல் ஆராய்ச்சி செய்யும் எம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வெள்ளவத்தையில் உள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்தார். அவர்தம் ஆராய்ச்சி யாதென வினவினோம். "ஐயா, அதைத் தமிழிற் சொல்ல இயலாது" என்றார். அச்சொல் எம் நெஞ்சைத் தைத்தது. "சொல்லிப் பாரும்" என்றோம். இரண்டு மாலைப் பொழுதுகள் சென்றன. விடயம் தமிழிலேயே விளங்கிற்று. அதன் சாரம் வருமாறு:

நாக நைத்திரேற்றுக் கரைசலை ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியசு வரை சூடாக்கி, மின்கடத்தும் கண்ணாடித் தகட்டைக் கதோட்டாக அமைத்து மின்னோட்டம் செலுத்துவர். நைத்திரேற்று அங்கே தாழ்த்தப்பட, ஐதரொட்சைட்டு அயன்கள் பிறக்கும். அவை நாக அயன்களோடு கூடுதலால், நாகவொட்சைட்டு மென்படலமாகத் தகட்டின்மேற் படியும். யப்பானிய அறிஞர் இசாக்கியும் ஓமியும் இவ்வழியால் ஒளிபுகும் படலம் பெற்றமையை 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இப்பொருளின் சக்தி இடைவெளி ஏறத்தாழ 3.3 இலத்திரன்வோற்று ஆகும். ஆதலின், ஏறத்தாழ 375 நனோமீற்றரிலும் குறுகிய அலைநீளமுடைய கழியூதாக் கதிரை அது உறிஞ்சும்; கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் போகவிடும். மழை நனைத்த காலி வீதியில் எண்ணெய்த் துளி பல வண்ணங் காட்டுவதுபோலப் படலத்தின் தடிப்புக்கேற்ப நிறங்களும் தோன்றும். ஒளியை மறியாது இலத்திரனைக் கடத்துவதாற் சூரியக் கலங்களுக்கு இப்பொருள் உதவுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பு. இரவிராஜன், இலண்டன் இம்பீரியல் கல்லூரி அறிஞர் முதலியோருடன் சேர்ந்து, நாகவொட்சைட்டு நனோக்கோல்கள் கொண்ட சூரியக் கலம் பற்றி 2006இல் ஆய்வுரை வெளியிட்டுள்ளார்.

இவற்றுள் தமிழுக்கு எட்டாதது யாது? கதோட்டு, அயன், கழியூதா என்பன யாம் ஆக்கிய சொற்களல்ல. எம் மாணவர் வகுப்பிற் பயிலுஞ் சொற்களே. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் கிறீன், 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலை 1875இலேயே தமிழில் வெளியிட்டார்.

"பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமன்றோ வேண்டும்?" என்பார் உளர். வேண்டும், அதனை நன்கு கற்க. உலகத்து அறிஞரோடு உரையாட அஃது இன்றியமையாதது. ஆயினும், தான் கற்றதைத் தன் தாய்க்கும் தம்பிக்கும் சொல்ல இயலாதவன் அதனை முற்றாக அறிந்தானோ என ஐயுறுகின்றோம். குறை மாணவரிடத்து மட்டுமன்று. விஞ்ஞானம் எமக்குரியதன்று எனத் தமிழாசிரியராகிய யாமும் ஒதுங்கியிருந்தோம்.

ஆதலின் ஒன்று வேண்டுகின்றோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடல் கடந்தும் வாழும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலையோ ஆராய்ச்சியையோ பற்றி இரண்டு பக்கமேனும் தமிழில் எழுதிக் கல்லூரிக்கு அனுப்புவாராக. சொல் திருத்தும் பணி ஆசிரியராகிய எமதாகுக. படித்து, விளங்காத இடத்தில் வினாவெழுப்பும் பணி இன்றைய மாணவரதாகுக. நாகவொட்சைட்டைப் பற்றி எம்மிடம் உரைத்த மாணவர் தம் கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டார். ஏனையோரும் எழுதுக.