படியேற முடியாதவருக்கு ஆபீஸ் இறங்கி வரட்டும்!

சென்ற மாதம் நம் பகுதித் தோழர் ஒருவர், தாம் உயிரோடிருப்பதைச் சர்க்காருக்குக் காட்டப் போனார். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர் அவர். மாதாமாதம் வரும் உதவித்தொகை தொடர வேண்டுமானால் ஆண்டுக்கொரு முறை ஆள் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். ஆபீஸ் இருப்பதோ முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. 22 படிகள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் அப்பாவை முதுகில் சுமந்து ஏறினான். தாய் பின்னாலிருந்து அவர் கால்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேஜை மேலிருந்த ஒரு சின்னப் பெட்டியில் கட்டைவிரலை வைத்தார். ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. மறுபடியும் 22 படி இறக்கம்.

அந்தப் பெட்டி ஒரு கையால் தூக்கக்கூடியது. அதை எடுத்துக்கொண்டு ஒருவர் கீழே வந்திருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை. பெட்டி மேஜையை விட்டு நகராது, மனிதன்தான் மூட்டை மாதிரி ஏறி இறங்க வேண்டும் என்றால் இது என்ன நிர்வாகம் என்று கேட்கிறோம்.

கேட்டால் கிடைக்கும் பதில் நமக்குத் தெரிந்ததே. "பழைய கட்டடம், நாங்கள் என்ன செய்வது?" இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இனி இடமில்லை. 1995-ல் வந்த சட்டம் "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்று சொல்லி அரசு நழுவிப் போக வழி வைத்திருந்தது. 2016-ல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-வது பிரிவில் அந்த வாசகம் இல்லை. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஊனமுற்றோர் வந்து போகும்படி மாற்ற வேண்டும் என்கிறது அது. ஆரம்ப சுகாதார நிலையம், சிவில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரயில் நிலையம், பஸ் நிறுத்தம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை தந்து திட்டம் போட்டு வெளியிடச் சொல்கிறது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். ஐந்தாண்டு முடிந்தது 2022 ஜூனில்.

கண் பார்வையற்ற ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2017-லும், மறுபடி 2024 நவம்பரிலும் தீர்ப்பளித்தது. வெறும் சிபாரிசாக எழுதி வைத்தால் போதாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் போடுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்புப்படி இந்த நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்கள் யாரிடமும் கருணை கேட்கவில்லை. சட்டத்தில் உள்ளதைத்தான் கேட்கிறார்கள்.

நாம் நியாயமாகவே பேசுவோம். சறுக்குப் பாதை என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. வாசலில் இரண்டே படி உள்ள ஆஸ்பத்திரிக்கு அது எளிது. அரையடி உயரத்தில் 22 படி என்றால் 132 அடி வேண்டும். நம் சந்துகளில் அதற்கு இடமேது? அங்கே லிஃப்ட் வைக்க வேண்டும். லிஃப்ட் வரும்வரை, மக்கள் வந்து போகும் ஜன்னலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றட்டும். பீரோவும் பழைய ஃபைல்களும் மாடி ஏறட்டும். டோக்கன் எண்ணைக் கண் தெரியாதவருக்கு வாயால் சொல்வதற்கும், காது கேளாதவருக்கு எழுதிக் காட்டுவதற்கும் ஒரு பைசா செலவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களும் விரும்பினால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட வசதி செய்தார்கள். அதிகாரிகள் ஓட்டுச் சீட்டோடு வீடு தேடிப் போனார்கள். அதை வரவேற்கிறோம். ஓட்டு வாங்க வீட்டுக்கு வர முடிகிற சர்க்காருக்கு, உதவித்தொகை கொடுக்க ஒரு மாடி இறங்க முடியாதா?

நாம் வேலை பார்க்கும் ரயில்வேக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். மும்பை லோக்கலில் ஊனமுற்றோருக்குத் தனிப் பெட்டி உண்டு. லிஃப்ட் இல்லாத ஸ்டேஷனில் பாலம் ஏறி இறங்காமல் அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர்வது எப்படி? டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் நாமும், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த ஜன்னல் எட்டுகிறதா என்று எழுந்து பார்த்ததில்லை.

நம் சங்கமும் தப்பவில்லை. நம் ஆபீஸ் மச்சில் இருக்கிறது. இரும்பு ஏணியில் ஏறித்தான் வர வேண்டும். மேலே சொன்ன தோழர் விபத்துக்கு முன்பு ஒரு கூட்டம் தவறாமல் வந்தவர். பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாம் கேட்கவுமில்லை. இதற்காக வெட்கப்படுகிறோம். அடுத்த மாதம் முதல் சங்கக் கூட்டம் கீழே, தெருவோடு சமமான இடத்தில்தான் நடக்கும்.

நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஊரில் வாங்கிய ஊனச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று எந்த ஜன்னலில் சொன்னாலும் நம்பாதீர்கள். அது நாடு முழுவதும் செல்லும் என்று அதே சட்டத்தின் 58-வது பிரிவு சொல்கிறது. சான்றிதழ் இல்லாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள், மனு எழுத உதவுகிறோம்.

தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், சயான் கோலிவாடா, செம்பூர்க் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியின் ரேஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, நகராட்சிப் பள்ளி, தபால் ஆபீஸ் ஒவ்வொன்றிலும் எத்தனை படி, லிஃப்ட் உண்டா, உண்டென்றால் ஓடுகிறதா, கீழே காலி அறை இருக்கிறதா என்று எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணுங்கள். அந்தக் கணக்கோடு முதலில் அந்தந்த ஆபீஸ் அதிகாரியைப் பார்ப்போம். நடக்காவிட்டால் புனேயில் உள்ள மாநில ஊனமுற்றோர் ஆணையரிடம் எழுத்து மூலம் முறையிடுவோம். சாட்சிகளை வரவழைக்கவும் தஸ்தாவேஜுகளைக் கேட்கவும் அவருக்குச் சிவில் கோர்ட்டுக்குரிய அதிகாரம் உண்டு.

இந்த நகரத்தின் மாடிகளைக் கட்டியதில் நம்மவர் உழைப்பும் உண்டு. கட்டும்போது விழுந்தவர் அதே மாடிக்குத் தன் பிள்ளையின் முதுகில் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு அந்தப் பையன் அப்பாவைச் சுமக்கக் கூடாது. அதற்குள் அந்த ஜன்னல் கீழே வந்தாக வேண்டும்.