ஸ்கேனர் காட்டும் குதிரைகள்

பெரம்பலூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறை ஒன்றில், என் நண்பருடைய டீசல் ஜீப்பின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, சிறுவாச்சூர் வரையில் ஓட்டித் திரும்பிய மெக்கானிக், கைப்பேசியை எங்களிடம் நீட்டி, "132 எச்.பி. இருக்குதுங்க ஐயா, ஸ்கேனர் பொய் சொல்லாதுங்க" என்றார். பிந்திய வாக்கியத்தை நான் மறுக்கவில்லை. பொய் சொல்ல வேண்டுமானால் உண்மை இன்னதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்; எஞ்சினின் குதிரைசக்தி ஸ்கேனருக்குத் தெரியாது.

ஸ்கேனர் எஞ்சினுக்குள் நேராகப் பார்த்துச் சொல்கிறது என்பது ஸ்கேனரை நம்பும் பட்சத்தாரின் மூல நம்பிக்கை. அது படிப்பதெல்லாம் எஞ்சினின் சுழற்சி, உள்ளே போகும் காற்று, உஷ்ணம், வண்டியின் வேகம் ஆகியவற்றைப் பற்றிச் சென்சார்கள் அனுப்பும் எண்களே. தண்டைத் திருகும் விசையை அளக்கும் சென்சார் சாதாரண வண்டிகளில் கிடையாது. பிரத்தியட்சம் வேறு, அனுமானம் வேறு என்று நம் தருக்க நூலார் வகுத்த பேதத்தை இங்கே மறந்துவிடுகிறார்கள். (புகையைக் கொண்டு நெருப்பை ஊகிக்கும் அந்தப் பழைய திருஷ்டாந்தம் டீசல் ஜீப்புக்குச் சற்று அதிகமாகவே பொருந்துகிறது.) 132 எந்தக் கணக்கில் வந்ததென்று கேட்டேன், மெக்கானிக் ஒவ்வொன்றாக மூன்று வழிகளைச் சொன்னார்.

காற்றின் அளவே சக்தியின் அளவு என்பது முதலாவது. பெட்ரோல் எஞ்சினில் இதற்கு நியாயம் உண்டு: அங்கே காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கலப்பதால், வினாடிக்கு 80 கிராம் காற்று சுமார் 100 குதிரைகளைக் குறிக்கும் என்ற வாய்ப்பாடு பெரும்பாலும் பழுதுபடுவதில்லை. டீசல் எஞ்சினோ தேவைக்கு மிஞ்சிய காற்றை எப்போதும் இழுத்துக்கொண்டிருப்பது. அதன் சக்தியை நிர்ணயிப்பது தெளிக்கப்படும் டீசல். வந்தவர்களை எண்ணி, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்வது போன்ற கணக்கு இது.

வண்டியின் கணினியே திருகு விசையைச் சொல்கிறதே என்பது இரண்டாவது. நியூட்டன் மீட்டரில் உள்ள விசையைச் சுழற்சியால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும் என்ற சூத்திரத்தில் பிழையில்லை. பிழை விசையில் இருக்கிறது. எவ்வளவு டீசல் தெளிக்கக் கட்டளையிட்டோமோ அதற்கு இவ்வளவு விசை பிறக்கவேண்டும் என்று தன் அட்டவணையைப் பார்த்துக் கணினி எழுதிக்கொள்ளும் எண் அது. ஆகையால், 'ரீமேப்' என்று பணம் வாங்கிக்கொண்டு அதே அட்டவணையைத் திருத்துகிறவர்கள், பிறகு ஸ்கேனரைக் காட்டி 20 குதிரை கூடியது என்று நிரூபிப்பது, கணக்கெழுதிய குமாஸ்தாவையே தணிக்கைக்கு உட்கார வைப்பதாகும்.

மூன்றாவது வழியை நான் மதிக்கிறேன். எடையும் வேகமும் தெரிந்தால், வேகம் ஏறிய நேரத்தைக் கொண்டு சக்தியைக் காணலாம் என்பது பெளதிக சாஸ்திரம். ஆனால் சாஸ்திரம் பெரம்பலூர்ச் சாலையில் இறங்கும்போது என்ன ஆகிறதென்று பார்க்கவேண்டும். 1,850 கிலோ வண்டி 60லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 4 வினாடியில் ஏறினால், அதற்குச் செலவானது சராசரி 50 கிலோவாட், அதாவது சுமார் 68 குதிரை. காற்றின் எதிர்ப்புக்கும் டயரின் உராய்வுக்கும் இன்னுமொரு 12 போகலாம். ஸ்கேனருக்கு வந்து சேரும் வேகம் பின்னமில்லாத முழு எண். பல விவரங்களை ஒருசேரக் கேட்டால் அதுவும் தாமதித்தே வரும். 4 வினாடியில் அரை வினாடி பிசகினால் எட்டொன்பது குதிரைகள் மாயமாய் முளைக்கும் அல்லது மறையும். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கண்ணுக்குச் சமதரையாகவே தோன்றும். அது மட்டும் ஏறுகையில் 5 குதிரையை விழுங்கி, இறங்குகையில் 5 குதிரையைத் தானமளிக்கும்.

எல்லாவற்றினும் எனக்கு வியப்பளிப்பது எடைதான். சுண்ணாம்புக்கல் லாரிகளாலும் சிமெண்டு லாரிகளாலும் வாழும் அரியலூர் வட்டாரத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும், குதிரைகளை ஒன்றுவிடாமல் எண்ணும் இந்த அன்பர்கள், விளம்பரத் தாளில் கண்ட எடையையே கைப்பேசிச் செயலியில் இட்டு, ஏறியிருக்கும் ஆட்களையும் டாங்கியிலுள்ள டீசலையும் மறந்துவிடுகிறார்கள்.

வந்த எண் கம்பெனி சொன்ன எண்ணோடு ஒத்துப்போகிறதே என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். கம்பெனி அளப்பது எஞ்சினில், இந்தக் கணக்கு தருவது சக்கரத்தில். இடையே கியர் தின்னும் பங்கு 15 சதவீதமா 20 சதவீதமா என்பதைச் செயலியில் இடுகிறவர் நாமே. ஒத்துப்போகும் வரையில் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

ஒரே வண்டி, ஒரே கியர், அதே இரண்டு பேர், சாலையின் ஒரே துண்டில் போக ஒருமுறை வர ஒருமுறை என்று ஓட்டிச் சராசரி எடுத்தால், ஏர் பில்டர் மாற்றியதால் பலன் உண்டா என்று ஸ்கேனர் நன்றாகவே சொல்லும் என்று நான் சொன்னதை மெக்கானிக் ஒப்புக்கொண்டார். எடையையும் பார்த்துவிடலாமென்று மூவருமாக அரியலூர்ச் சாலையில் ஓர் எடைமேடைக்குப் போனோம். சீட்டு வந்தது, அவர் இட்டிருந்ததைவிட 190 கிலோ கூடுதல். புதிய எடையைச் செயலியில் இட்டுப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அப்போ எச்.பி. இன்னும் ஏறுதுங்களே, ஐயா!"