சொல் வகுப்பறையில் பிறக்கும்

“தமிழில் அறிவியலைப் படிக்க முடியுமா? அதற்குச் சொல் எங்கே?” என்று கேட்போர் நம்மவரிலேயே பலர் உண்டு. அவர்களுக்கு எபிரேய மொழியின் வரலாறு விடை சொல்கிறது.

பல நூற்றாண்டுகளாக எபிரேயம் யூதர்களின் வழிபாட்டிலும் ஏட்டிலும் இருந்தது. தாய்மொழியாகப் பேசுவார் இல்லை. 1881இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெகூதா, தம் வீட்டில் எபிரேயம் தவிர வேறு பேச்சு கூடாதென்று விதித்தார். சொல் இல்லாத இடத்தில் பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தனர். வேதாகமத்தில் ஒளிரும் பொருளைக் குறித்த ‘ஹஷ்மல்’ மின்சாரத்துக்குப் பெயராயிற்று.

ஆனால் வீட்டுப் பேச்சு மட்டும் போதவில்லை. ஹைஃபா நகரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டபோது, 1913இல் அதன் நிர்வாகம் அறிவியலை ஜெர்மன் மொழியில்தான் நடத்துவதென்று முடிவு செய்தது. எபிரேயத்தில் கலைச்சொல் இல்லையாம்! ஆசிரியரும் மாணவரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜெர்மானிய யூத உதவிச் சங்கத்தின் பள்ளிகளைவிட்டு வெளியேறித் தனிப்பள்ளிகள் கண்டனர். 1914இல் நிர்வாகம் பணிந்தது. போரால் தாமதமாகி, 1924இல் அக்கல்லூரியில் எபிரேயத்தில் பாடம் தொடங்கியது. 1925இல் எருசலேமில் எபிரேயப் பல்கலைக் கழகமும் திறக்கப்பட்டது.

சொல் வந்த பிறகு வகுப்பறை திறக்கவில்லை. வகுப்பறை திறந்த பிறகே சொல் பெருகியது. இதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

கற்கக் கூடாத பாடமும் அங்கே உண்டு. ஐரோப்பிய யூத உழைப்பாளிகள் பேசிய இத்திஷ் மொழி ஏளனத்துடன் ஒதுக்கப்பட்டது. அந்த மண்ணிலேயே பிறந்த அரபு மக்களின் மொழி, 2018இல் இயற்றிய சட்டத்தால் ஆட்சிமொழி என்ற தகுதியை இழந்தது. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற தமிழர், ஒரு மொழியை உயர்த்த இன்னொன்றை மிதிப்பதை எப்படி ஏற்க முடியும்?

பிழைக்க வந்த ஊரின் மொழியை மதித்துக் கற்போம். அதே நேரத்தில் நம் பிள்ளைகள் தமிழைப் பேச மட்டும் தெரிந்து, எழுத்தறியாமல் வளர்வதை இனியும் பொறுக்கலாகாது. வீட்டில் தமிழ், ஞாயிறுதோறும் சங்கத்தில் தமிழ் வகுப்பு, மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளுக்குப் போதிய ஆசிரியர், இங்குள்ள பல்கலைக் கழகத்தில் தமிழ்த்துறை: இவை நம் கோரிக்கைகளாகட்டும். முதல் இரண்டுக்கு யாரிடமும் மனுப்போட வேண்டியதில்லை. அவற்றை இந்த வாரமே தொடங்குவோம்!