ரீல்ஸில் வரும் ‘கைத்தறி’ சேலையை நம்பலாமா? ஆண்டிபட்டி தறிகளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

போடி, கம்பம், சின்னமனூர் பக்கம் நல்ல சேலை எடுக்கணும்னா, முன்பு தேனிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறணும். இப்போ செல்போனை எடுத்தாலே போதும். ஒருத்தர் சேலையைக் கட்டிக் காட்டுறார், இன்னொருத்தர் அதுக்கு எந்த பிளவுஸ் பொருந்தும்னு சொல்றார். கீழேயே வாங்குறதுக்கு லிங்க் இருக்கு.

ஃபேஷன் பக்கங்களை இப்போதான் ஃபாலோ பண்ண ஆரம்பிச்சவங்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். இவங்க சொல்றது சொந்த ரசனையா, விளம்பரமா? ‘ஒரிஜினல் கைத்தறி’ன்னு போட்டிருக்கே, அது உண்மையா? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே ஆரம்பிச்சது இது?

2005-ல் ஸ்காட் ஷூமன் என்பவர் நியூயார்க் தெருக்களில் நடந்து போறவங்களின் உடைகளைப் படம் பிடித்து இணையத்தில் போட ஆரம்பித்தார். 2008-ல் அமெரிக்காவைச் சேர்ந்த டேவி கெவின்சன், தன் உடைகளைப் பற்றி இணையத்தில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 11.

இந்தியாவில் 2015-ல் ஆலி மாத்தன், அஞ்சு மௌத்கல் கதம் என்ற இரு பெங்களூரு பெண்கள், ‘ஒரு வருஷத்துல 100 முறை சேலை கட்டுவோம்’ என்று ஆரம்பித்தது பெரிய அலையானது. பீரோவில் கிடந்த அம்மாவின் சேலையை எடுத்துக் கட்டி, அதன் கதையை எழுதி பலரும் பதிவு போட்டார்கள்.

அப்போது விஷயம் ரசனையாக இருந்தது. பார்க்கிற கூட்டம் பெருகியதும் கம்பெனிகள் காசோடு வந்தன.

விளம்பரம்னு எப்படித் தெரியும்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் வாங்கினால் மட்டுமல்ல, சேலையை இலவசமாக வாங்கியிருந்தாலும், தள்ளுபடி கிடைத்திருந்தாலும் அதைச் சொல்லியே ஆகணும். வீடியோ என்றால் எழுத்திலும் இருக்கணும், வாயாலும் சொல்லணும். லைவ் என்றால் முடியும் வரை திரையில் தெரியணும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைப்பது செல்லாது. தமிழில் பேசினால் அறிவிப்பும் தமிழில் இருக்கணும்.

தவறான விளம்பரத்துக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகும். விளம்பரத்தில் வந்தவருக்கு, இனி விளம்பரம் செய்யக் கூடாது என்று ஓராண்டு வரை தடையும் போடலாம்.

ஆண்டிபட்டிக்கு என்ன சம்பந்தம்?

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி பக்கம் உள்ள டி.சுப்புலாபுரமும் சக்கம்பட்டியும் நெசவுக்குப் பேர் போன ஊர்கள். இங்கே கைத்தறியும் உண்டு, விசைத்தறியும் உண்டு. கூலி உயர்வு கேட்டு விசைத்தறித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வது இந்த ஊர்களில் இருந்து திரும்பத் திரும்ப வரும் செய்தி.

விசைத்தறி சேலை வாங்குவது தப்பே இல்லை. அதை ‘கைத்தறி’ன்னு சொல்லி, கைத்தறி விலைக்கு விற்பதுதான் பிரச்னை. இதில் மூணு பேருக்கு அடி. வாங்குறவர் கூடுதல் காசு கொடுக்கிறார். கைத்தறி நெசவாளரால் அந்தப் போட்டியில் நிற்க முடியாது, ஏன்னா அவர் ஒரு சேலையை முடிக்கிற நேரத்தில் விசைத்தறியில் பல சேலை ஓடிவிடும். விசைத்தறித் தொழிலாளிக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. அவருக்கு நெய்ததற்கான கூலி மட்டும்தான். கூடுதல் விலை நடுவில் விற்கிறவரிடமே நின்றுவிடும்.

இதைத் தடுக்கச் சட்டமும் இருக்கு. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, இப்போது 11 வகை ஜவுளிகளை, அதில் சொல்லப்பட்ட தன்மைகளோடு, கைத்தறியில் மட்டும்தான் நெய்யணும். குறிப்பிட்ட சில சேலை ரகங்களும் அதில் அடக்கம்.

கைத்தறியை எப்படிக் கண்டுபிடிப்பது?

* 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘கைத்தறி முத்திரை’ லேபிள் இருக்கான்னு பாருங்க. வீடியோவில் காட்டலைன்னா, லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.
* துணியை உற்றுப் பாருங்க. கைத்தறியில் நூல் ஓட்டத்தில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் இருக்கும். விசைத்தறியில் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். இது ஒரு குறிப்புதான், இதை மட்டும் வைத்து முடிவு பண்ண முடியாது.
* சுங்குடி என்றால் இன்னும் கவனம் தேவை. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் முடிச்சுப் போட்டு சாயம் ஏற்றினால், புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. அச்சில் போட்ட புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு. செல்போன் திரையில் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அதனால் புள்ளியை நெருக்கத்தில் காட்டச் சொல்லுங்க.
* விலையை ஒப்பிட்டுப் பார்க்க, 1935-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் கடை விலை நல்ல அளவுகோல்.

ஆர்டர் போடும் முன்...

விற்பவரின் பெயர், முகவரி, சேலையைத் திருப்பிக் கொடுக்கும் விதி மூணும் பக்கத்தில் இருக்கணும். தனிநபர் நம்பருக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் உஷார். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வைங்க. இ-காமர்ஸ் விதிகள் 2020-ன்படி, ஆன்லைன் விற்பனைத் தளங்கள் உங்க புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்யணும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லணும்.

பொருள் மாறி வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930. தாமதிக்காமல் கூப்பிட்டால் பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை ஒரு சேலை ரீல் பிடித்துப்போனால், விலை கேட்கிற அதே கமென்டில் ‘எந்த ஊர் தறி?’ன்னும் கேளுங்க. உண்மையிலேயே நெசவாளரிடம் வாங்கி விற்கிறவருக்கு, பதில் சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகாது.